ஓட்டை இல்லாத மூடி

1. நார்த்தாமலை தாண்டாத வண்டி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெட்ரோலுக்குக் கூப்பன். புதுக்கோட்டையில் பாதி லாரிகள் அடுப்புக்கரியை எரித்து வரும் கரி காஸுக்கு மாறிவிட்டன. எங்கள் முதலாளியின் லாரி அரிசி ஏற்றும் வண்டி என்பதால் அதற்கு மட்டும் பெட்ரோல் கிடைத்தது. ஆறு சிலிண்டர், மரப் பாடி, எனக்கு முன்பே பட்டறைக்கு வந்துவிட்ட பழைய வண்டி. அதற்கு நான் மெக்கானிக், சேது டிரைவர்.

சேதுவும் நானும் ஒரே வயது. அவனுக்கு அறந்தாங்கிப் பக்கம் ஒரு சிற்றூர். வாரத்தில் ஆறு நாள் பட்டறையிலேயே படுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் புதுக்குளத்தில் குளித்துவிட்டு, வெயில் ஏறும்வரை படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். என்னை "மாப்ள" என்பான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அந்தச் சித்திரையில் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. திருச்சிக்குப் போகும்போது நார்த்தாமலை கிட்ட இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமும். பிறகு நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். மறு வாரம் மூன்று நாள் நிற்கும்.

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினேன். மிதவையைப் பார்த்தேன். பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றினேன். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பட்டறையில் எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் எஞ்சின் சீராக ஓடியது.

"சூட்டுல பெட்ரோல் ஆவியாகுது. பம்பு மேல ஈரச் சாக்கு போடு" என்றேன் சேதுவிடம்.

போட்டான். நின்றபோதெல்லாம் சாக்கை நனைத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கால் மணியில் வண்டி கிளம்பியது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பெருமை. சாக்கு போடாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே கால் மணியில் கிளம்பியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

ஒருநாள் அவன் பட்டறைக்கு வந்து சொன்னான்: "மாப்ள, ஒன்னு கவனிச்சேன். பெட்ரோல் நெறையப் போட்ட அன்னிக்குத்தான் சீக்கிரம் நிக்குது. கொறச்சலா இருந்தா கீரனூர் வரைக்கும் கூடப் போயிருது. இது என்ன கணக்குன்னு தெரியல."

"பெட்ரோல் அதிகமா இருந்தா எஞ்சினுக்கு வலிக்குமா? ஒனக்குத் தூக்கம் பத்தல" என்று சிரித்தேன்.

"ஒரு தடவ கூட வந்து ஒக்காந்து பாரு. அது போதும்."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரு டிரைவர் சொல்லி நான் போய்ப் பார்ப்பதா என்ற எண்ணமும் இருந்தது.

2. ஒரு வார்த்தை

பெட்ரோல் நிறையப் போட்ட நாளில் வண்டி நிற்கிறது என்ற பேச்சு முதலாளியின் காதுக்கும் போயிற்று. அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். பெட்ரோல் இருக்கும் நாளில்தான் டிரைவர் அதை எடுத்து விற்க முடியும். விற்ற அளவுக்குக் கெரசின் ஊற்றினால் இழுவை குறையும். அந்த நாட்களில் அப்படிச் செய்த டிரைவர்கள் இருந்தார்கள். எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

மறுமுறை வண்டி தாமதமாக வந்தபோது முதலாளியே பட்டறைக்கு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, வண்டியில கோளாறு இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

சேது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதமாகப் பிரித்துப் பூட்டியும் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"வண்டியில ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

முதலாளி சேதுவின் பக்கம் திரும்பினார். "அப்பறம் என்னடா? கெரசின எங்கன வாங்குற?"

சேது வண்டிக்குப் போனான். ஹேண்டிலைக் கொண்டுவந்து என் பெஞ்சின் மேல் வைத்தான். கைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"போயிட்டு வாரேன் மாப்ள" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

3. உஸ்

புதிதாக ஒரு டிரைவர் வந்தார். வயதானவர், நெற்றியில் திருநீற்றுப் பட்டை போட்டவர், வெற்றிலைகூடப் போடாதவர். பத்தாவது நாள் வண்டி நார்த்தாமலையில் நின்றது. மறு நாளும் நின்றது.

முதலாளி, "நீயே கூடப் போய்ப் பாரு" என்றார். சேது கேட்டபோது போகாத நான், முதலாளி சொன்னதும் ஏறி உட்கார்ந்தேன்.

மத்தியான வெயில். மலை தெரியும் இடத்தில் இழுவை குறைந்தது, இருமியது, நின்றது. நான் இறங்கினேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்: இவரும் கெரசின் கலந்திருப்பாரோ, முகர்ந்து பார்க்கலாம் என்றுதான் டேங்க் மூடியைத் திருகினேன்.

"உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

"ஹேண்டில் போடுங்க" என்று கத்தினேன். கால் மணி ஆகவில்லை, ஈரச் சாக்கும் இல்லை. சிறிது நேரம் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூடியை இறுக்கிவிட்டு ஓட்டச் சொன்னேன். கீரனூருக்கு அந்தப் பக்கம் மறுபடி நின்றது. மூடியைத் திறந்தேன். மறுபடி உஸ். மறுபடி கிளம்பியது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அது பழைய மூடி அல்ல. பழையது எங்கோ விழுந்துபோக, யுத்த காலத்தில் சாமான் கிடைக்காததால் பாத்திரப் பட்டறையில் பித்தளையில் செய்து வாங்கியது. பங்குனிக் கடைசியில் நான்தான் சொல்லிச் செய்யவைத்தேன். "ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது. காத்துகூடப் போகாம இறுக்கமா இருக்கணும்" என்று தோல் வாஷர் வைத்து வாங்கினேன். பழைய மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். என் மூடியில் ஓட்டை இல்லை. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் ஏறி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. நிறையப் பெட்ரோல் இருந்தால் டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. அதனால் சீக்கிரம் நின்றிருக்கிறது. நின்ற பிறகு தோல் வாஷர் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து இறங்கி, கால் மணியில் கிளம்பியிருக்கிறது. சேது சொன்ன கணக்கு அப்படியே சரி.

பட்டறையில் கோளாறு ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. வண்டி வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பெட்ரோல் அளப்பது. சேதுவைச் சந்தேகப்பட்டு அளந்த ஒவ்வொரு முறையும் கோளாறை நானே விரட்டியிருக்கிறேன்.

4. கிணற்றடி

திரும்பி வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும்ல அவசரப்பட்டுட்டேன். போயி அவனக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

மறுநாள் அறந்தாங்கி பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவன் ஊருக்கு நடந்தேன். வீட்டில் அவன் மனைவி காளியம்மா மட்டும் இருந்தாள்.

"அவுக இல்லைங்க. திருச்சில பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் எடுத்தாக. சேந்துட்டாக. நாலு நாளாச்சு."

மூடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்லி என்னங்க? அவுக திருடலேன்னு எனக்குத் தெரியும். கிணத்தடியில நான் போனா பேச்ச நிறுத்திக்கிறாக. அங்கிட்டு வந்து சொல்லுங்க."

போனேன். ஏழெட்டுப் பெண்களும், மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வந்த இரண்டு ஆண்களும் இருந்தார்கள். கையில் பித்தளை மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சேது மேல ஒரு தப்பும் இல்லைங்க. தப்பு பண்ணது நான். இந்த மூடியில ஓட்டை போடாம விட்டது நான். வண்டியில கோளாறு இல்லேன்னு பொய் சொன்னதும் நான்" என்றேன். ஒரு கிழவர் மூடியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஓட்டையில்ல" என்றார்.

காளியம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

5. கடிதம்

பட்டாள விலாசம் வாங்கி எழுதினேன். ஐந்தாறு மாதம் கழித்து அஸ்ஸாம் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. "மூடி விஷயம் தெரிந்தது. காளியும் எழுதினாள். இங்கே முழுக்க மலை ரோடு. வண்டி இருமும்போதெல்லாம் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்." அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து மறு வருஷம் அவன் வந்தான். நான் கீரனூரில் பாதி வழியில் நின்ற ஒரு பஸ்ஸைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் சொன்னார். காக்கி டிரவுசர் போட்டிருந்தானாம். இளைத்திருந்தானாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். "மாப்ள எப்ப வருவான்?" என்று நாலு தடவை கேட்டானாம். வடக்கே தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறான், சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டானாம். நான் ஸ்டேஷனுக்கு ஓடியபோது வண்டி போய்விட்டிருந்தது.

பிறகு கடிதம் இல்லை. நான் எழுதியவை திரும்பி வந்தன.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விட்டு விட்டு வரும் கோளாறு ஸ்பானரில் அகப்படாது. எத்தனை மைலில் வந்தது, அன்றைக்கு எவ்வளவு பெட்ரோல் இருந்தது, என்ன செய்தபோது சரியானது என்று டிரைவரைக் கேளுங்கள். அவர் சொல்வது கிறுக்குத்தனமாக இருந்தால் அதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். கூப்பிட்டால் கூடப் போய் உட்காருங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம், கூப்பிட்ட டிரைவர்கள் அத்தனை பேரோடும் போய் உட்கார்ந்திருக்கிறேன். கண்டுபிடித்த கோளாறுகள் நிறைய. ஆனால் கீரனூரில் நின்ற அந்த பஸ் அவசரமான பஸ் ஒன்றும் இல்லை. மறுநாள் போய்ப் பார்த்திருக்கலாம்.