பிள்ளையாருக்காகக் கூட்டிய நிலம்

வானம் பார்த்த நிலத்தில் கோதுமை செய்கிறவர்களை ஒருவரும் நம்புவதில்லை, வானம் உட்பட. உங்களில் யாராவது குத்தகைக் காணி செய்து பார்த்திருந்தால் நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மகள் சிட்னியில் பென்டில் ஹில்லிலும் மகன் மெல்பேர்ணில் பொயிண்ட் குக்கிலும் குடும்பமாகிவிட்டார்கள். இவருக்குத் தொழிற்சாலை வேலை முடிந்ததும், மெல்பேர்ணிலிருந்து மேற்கே மூன்று மணித்தியாலம் தள்ளி, ஒரு வீட்டோடு கூடிய காணியை மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்தோம்.

காணிக்காரர் சும்மா வந்தார்

காணிக்காரர் கீத், எழுபது தாண்டிய வெள்ளைக்காரர். அவருக்கு இரண்டு நிபந்தனை. கோதுமை வெட்டியபின் நிற்கிற தாளையும் வைக்கலையும் கொளுத்தக்கூடாது. கோதுமை செய்த நிலத்தில் அடுத்த வருடம் கொண்டைக்கடலை போடவேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் இன்னும் மூன்று வருடம் தருவார். இல்லாவிட்டால் நாங்கள் வீட்டையும் விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

முந்தி ஒருவர் அந்தக் காணியைக் கொளுத்தி, வெறும் நிலத்து மண்ணெல்லாம் காற்றோடு போனதாம். அதனால் கீத்துக்கு எங்களிலும் சந்தேகம். கிழமைக்கு ஒருக்கால் "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று வந்து நிற்பார். கண் மட்டும் தாளிலேயே இருக்கும். ஒரு நாள் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தபடி கேட்டார்: "தேநீர் மிக நன்றாக இருக்கிறது. தீப்பெட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

மச்சாளின் வருகை

தை மாதம், இங்கே நடுக்கோடை, இவருடைய தங்கை சாந்தி சிட்னியிலிருந்து வந்தாள். கேற்றடியில் காரை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டிய தாளும் சிந்திய வைக்கலும். நாங்கள் நொடித்துப் போனதை மறைக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

வைக்கலை விலக்கி, அடியில் விரலை விட்டு ஈரத்தைக் காட்டினேன். போன கிழமை பெய்த மழை, அந்தக் கொதிக்கிற வெயிலிலும் அடியில் நின்றது. சாந்தி என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றையும் நம்பவில்லை. "ஊரிலை வீட்டு முத்தம் கூட்டாமல் நாங்கள் வாய் நனைக்கிறேல்லை. நீங்கள் காணி முழுக்கக் குப்பையை விட்டிட்டு எப்பிடி நித்திரை கொள்ளுறியள் மச்சாள்?"

எனக்கு வந்த சந்தேகம்

மற்றவர்களைச் சொல்லி என்ன, எனக்கே கடலையில் சந்தேகம்தான். கோதுமை அந்த மாதிரி விளைந்த நிலத்தில் ஏன் இன்னொன்றைப் போடவேண்டும்? பயிர் ஆலோசனை சொல்ல வருகிற இளம் பெடிச்சி, "கோதுமையின் வேர் நோய் அந்தத் தாளிலேயே தங்கியிருக்கும் அன்ரி, நடுவில் கடலை வந்தால் அதற்குச் சாப்பாடில்லாமல் குறைந்துபோகும், மண்ணுக்கும் சத்து" என்றாள். கடலை விதை விற்கிறவர்களுக்கு வேண்டப்பட்டவளோ என்று நினைத்தேன். பிள்ளையாரே, என்னை மன்னியும்.

இவரிடம் கேட்டேன். இவர் சொன்னது மண்ணைப் பற்றியா என் சமையலைப் பற்றியா என்று இன்றுவரை தெளிவில்லை: "ஒவ்வொரு நாளும் புட்டெண்டால் நானே களைச்சுப் போறன். மண் பாவம், அது வாய் திறந்து சொல்லுமே?"

நாலு பாய் அகலம்

வைகாசியில் கடலை விதைப்பதற்கு முதல்நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நினைத்தேன். குப்பைக்குள் எப்படிச் சுவாமி வைக்கிறது? சாந்தி சொன்னதும் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. வேலி ஓரம் நாலு பாய் விரிக்கிற அளவு நிலத்தில் தாளைப் பிடுங்கி, வழித்துக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வெறும் நிலத்திலேயே கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டேன். மனம் குளிர்ந்துபோயிற்று. வந்து பார்த்த இவருக்குத்தான் வியர்த்தது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம்.

"கீத் கண்டால் முடிஞ்சுது" என்று இவர் வேறு இடத்து வைக்கலை அள்ளி வந்து மூடினார். அடுத்த நாள் காலை கீத் வந்தார். மற்ற இடத்தில் தாள் வேரோடு நிமிர்ந்து நிற்கிறது, இங்கே மட்டும் படுத்துக் கிடக்கிறது. சப்பாத்தால் தட்டினார். கறுப்பு தெரிந்தது. "கொளுத்தியிருக்கிறீர்கள்" என்றார். இவர் வானத்தைப் பார்த்தார். சுவாமி கும்பிட்ட இடத்தில் நின்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டியது, கொளுத்தியது, மூடியது எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லி, கற்பூர டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். முகம் இன்னும் இறுகிற்று. "இதை நாங்கள் கம்பளி உடுப்புக்குள் பூச்சிக்குப் போடுகிறோம். உங்கள் கடவுளுக்குமா?"

முளைத்த பிறகு

புதுக் குத்தகையைப் பற்றி இவர் கேட்டபோது, "முளைக்கட்டும், பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிப் போனார். அந்த இடத்தையும் சேர்த்து அன்றே விதைத்தோம். மூன்று கிழமை நான் விளக்கு வைக்காத நேரமில்லை, ஆனால் வீட்டுக்குள்தான். மழை ஏமாற்றிவிட்டது. அப்படியும் தாளுக்கு நடுவே கடலை வரிசை வரிசையாக வந்தது, அடியில் சேர்ந்திருந்த ஈரத்தில். என் நாலு பாய் நிலம் மட்டும், மூடின வைக்கலும் காற்றோடு போய், வெடித்துக் கிடந்தது. அதில் பதினொரு முளை. காணி முழுவதிலும் நான் விழுந்து கும்பிட்ட ஒரே இடம் அது!

கீத் அந்த வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தாளுக்குள் விட்டு ஈர மண்ணை எடுத்து உருட்டினார். முதல்தரம் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். புதுக் குத்தகைப் பத்திரத்தைக் கார் பொனற்றின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல், ஓரத்தில் ஒரு வரி எழுதினார். இவர் அதை எனக்கு வாசித்துக் காட்டமாட்டேன் என்றார், கீத்தே வாசித்தார்: "பிரார்த்தனை, கொன்கிறீட் தரையில் மட்டும்."

காணியை மூன்று வருடத்துக்கு எழுதித் தருகிறவர்கள் நம்பிக்கையை ஒரு போகத்துக்கு மேல் தருவதில்லை, அதையும் நாங்கள்தான் ஈரம் பார்த்து விதைக்கவேண்டியிருக்கிறது.