ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார், "தினமும் எப்படி எழுதறீங்க, எந்த நேரத்துல உங்களுக்கு நல்லா ஓடும், அதையெல்லாம் ஒரு கட்டுரையா குடுங்களேன்." பத்தாவதில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை கவிழ்ந்தவனிடம் போய் கால அட்டவணை கேட்கிறாரே என்று சிரித்தேன். காலையில் எழுவேன், டீ குடிப்பேன், பொய் எழுதுவேன், தூங்குவேன் என்று நாலு வரி எழுதி உறையிலும் போட்டாயிற்று. ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவர் கேட்ட நல்ல நேரம் அந்த நாலு வரியில் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொருத்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த வருஷம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி நாடே பேசியது வேறு விஷயம். நான் சொல்வது அது இல்லை. நான் அப்போது முழுநேர எழுத்தாளன். வேறு வேலை கிடைக்காததால் முழுநேரம். மாத நாவல்களுக்குத் துப்பறியும் கதை எழுதுவேன். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த வகை. அதுவரை வந்ததெல்லாம் பெரிய கதைக்குப் பின்னால் ஒட்டிய குட்டிக் கதைகள்.

வீடு பிள்ளைப்பாக்கத்தில். ஒரே அறையில் ஏழு பேர், ஒரு ரேடியோ. யாராவது வந்து கேட்டால் அப்பா சொல்வார், "எழுதறேன் எழுதறேன்றான். இன்னான்னு எட்டிப் பாத்தா கொலை பண்ணினு கீறான்." ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டேன்.

அங்கே ஒரு லைன் வீட்டில், கடைசி அறையில், ஒருத்தனோடு சேர்ந்துகொண்டேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். பெங்களூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். தகட்டை வைத்து பட்டனை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். அதைத்தான் நாளெல்லாம் செய்வான். அறையில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஷிஃப்ட்டு வேலைக்காரர்கள் இருக்கும் லைனில் ஒரு கட்டில் போதும். ஒருத்தன் எழுந்து போவான், இன்னொருத்தன் அதே சூட்டில் படுப்பான்.

என் நல்ல நேரத்தைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மத்தியானம் உட்கார்ந்து பார்த்தேன். ஷீட்டுக்கு அடியில் வியர்வை சொட்டி, பிணத்துக்கு நான் எழுதிய ரத்தமெல்லாம் நீல மையாகக் கரைந்து ஓடியது. சாயங்காலம் பக்கத்து அறை டிவி. டீக்கடைக்குப் போனால் கடைக்காரர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "டாக்டர்தானே கொலைகாரன்?" என்று கேட்டுவிடுவார். அவர் கேட்ட பிறகு டாக்டரை விட்டுவிட்டு வேறு ஆள் தேட வேண்டும். ஏரிக்கரையில் உட்கார்ந்தேன், மாடு ஒரு அத்தியாயத்தைத் தின்றுவிட்டது.

கடைசியில் பிடிபட்டது காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை. அந்த ஐந்து மணி நேரத்தில் பதினைந்து பக்கம் வரும். மற்ற நேரத்தில் மணிக்கு ஒரு பக்கம், அதுவும் உயிரில்லாமல். ஒரே ஒரு சிக்கல். நான் வாய்விட்டுப் பேசித்தான் எழுதுவேன். போலீஸுக்கு ஒரு குரல், செத்தவன் பெண்டாட்டிக்கு ஒரு குரல். பேசாமல் எழுதினால் பேனா நகராது.

நண்பனுக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட்டு மாறும். முதல் ஷிஃப்ட்டு வாரம் எனக்குச் சொர்க்கம். விடிவதற்குள் போய்விடுவான், இரண்டரைக்குத்தான் வருவான். இரண்டாவது ஷிஃப்ட்டில் எட்டு மணி வரை தூங்குவான், பிறகு என்னைப் பேச்சுக்கு இழுப்பான். மூன்றாவது ஷிஃப்ட்டு வாரம்தான் சனியன். இரவெல்லாம் பிரஸ் ஓட்டிவிட்டு, நான் பேனாவைத் திறக்கும்போது வந்து கட்டிலில் விழுவான். அவன் விழ, நான் தரையில் உட்கார்ந்து செத்தவன் பெண்டாட்டியாக அழ ஆரம்பிப்பேன்.

"ஏலே, வாய மூடிட்டு எழுத முடியாதா?"

"வாய மூடினா கதை வராதுடா."

துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புரள்வான். ஒரு நாள் தூங்கிவிட்டான் என்று நினைத்து நான் பாட்டுக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான், "அவ அப்படிப் பேச மாட்டாலே. புருசன் செத்துக் கெடக்கான், என்னத்துக்கு இம்புட்டுப் பேசுதா?"

"பின்ன இன்னா பண்ணுவா?"

"சும்மா உக்காந்துருப்பா."

அப்படியே எழுதினேன். புத்தகம் வந்தபோது ஆசிரியர் அந்த இடத்தை மட்டும்தான் பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் புத்தகம்தான் விஷயம். முதன்முதலாக ஒரு முழு நாவல் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் மெட்ராஸில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மாதம் வேறு ஆளுடையது போகும். நாற்பது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவனோடு வேலை செய்தவன் தங்கச்சி கல்யாணம் என்று லீவு போட, இவனுக்கு மூன்றாவது ஷிஃப்ட்டு இன்னொரு வாரத்துக்கு நீண்டுவிட்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன். "டேய், ஆறு மணிக்கு ஷிஃப்ட்டு முடிஞ்சா ரூமுக்கு வராத. பதினொண்ணு வரைக்கும் அங்கயே ஓ.டி. பாரு. ஆறே நாளு."

"அப்ப தூக்கம்?"

"தூங்கி இன்னா கிழிக்கப் போற? கனவுலயும் பிரஸ்ஸுதான் ஓட்டுவ."

சிரித்தான். அவனைச் சிரிக்க வைத்துவிட்டால் எதையும் வாங்கிவிடலாம், அது எனக்குத் தெரியும். "உன் புக்குல என் பேரு வருமாலே?" என்றான்.

"வரும். கொலைகாரனுக்கு வெக்கறேன்."

"வேண்டாம்லே, எங்க அம்ம படிப்பா."

ஒத்துக்கொண்டான். அவனுடைய சூப்பர்வைசர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நைட்டு பார்த்தவனுக்கு மேற்கொண்டு ஓ.டி. போட்டால் தன் தலை உருளும், வேண்டுமானால் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டார். எங்கள் லைனில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டு, லீவு, பி.எஃப். எல்லாம் நான்தான். எழுத்துப்பிழை இருக்கும், ஆனால் படிப்பவர் மனசு கரையும். இவனுக்கு எழுதும்போது இவனைக்கூட நான் எதுவும் கேட்கவில்லை.

'ஐயா, குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்குக் கூடுதல் நேரம் வேலை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும். சூப்பர்வைசர் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது மொட்டையாகப் பட்டது. கீழே சேர்த்தேன்: 'நான் தினமும் எட்டு மணி நேரம் நன்கு உறங்கி ஓய்வெடுக்கிறேன். கூடுதல் வேலையால் எனக்கு எவ்விதச் சோர்வும் இல்லை. எனது முழு விருப்பத்தின் பேரிலும் முழுப் பொறுப்பிலும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.'

அவன் வாசித்துப் பார்த்தான். "எட்டு மணி நேரமா? எவம்லே தூங்குதான்?"

"படிக்கறவன் நம்பணும் இல்ல? கையெழுத்தப் போடு."

போட்டான்.

முதல் நாள் பதினாறு பக்கம் வந்தது. இரண்டாம் நாள் பதினெட்டு. அறையில் தனியாக நின்று போலீஸாகவும் திருடனாகவும் கத்தினேன், ஆனந்தமாக இருந்தது. அவன் பதினொன்றரைக்கு வருவான். சோறு தின்று படுப்பதற்குள் ஷீட் கொதிக்க ஆரம்பித்துவிடும். பக்கத்து அறைக் குழந்தைகள் வாசலில் ஓடும். நாலு மணிக்குத் தண்ணீர் வரும், குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மொத்தத்தில் மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்தபடி தூங்கிவிட்டான். நான் அதை டீக்கடையில் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டே கேட்டான், "நாளைக்கு ஒரு நாள் சீக்கிரம் வந்துரட்டுமாலே? கண்ணு எரியுது."

"கடைசி அத்தியாயம்டா. நாளைக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சுக்கோ, அப்புறம் ஒரு வாரம் தூங்கு. நானே விசிறறேன்."

"சரிலே" என்றான். பட்டனைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் பேனா பறந்தது. பத்து மணிக்குக் கொலைகாரன் பிடிபட்டான். பத்தரைக்கு அழுகைக் காட்சி. பதினொன்றரைக்கு நண்பன் வர வேண்டும், வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. அப்போது என் மனசில் வந்ததை அப்படியே சொல்கிறேன், கூட்டிக் குறைக்கவில்லை: 'நல்லதாப் போச்சு, இன்னும் வரல.' ஒரு மணிக்கு 'முற்றும்' போட்டு, அதன் அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

அதற்கப்புறம்தான் அவன் கம்பெனி ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உங்க ரூம்காரரு கைய பிரஸ்ல வுட்டுட்டாருப்பா. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிட்டாங்க."

"எப்போ?"

"பத்து மணி இருக்கும்."

அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே இருக்கக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி ஓட்டினால் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் எல்லோருமே ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகி அழுத்தியபடி வைத்துவிட்டு, ஒரு கையால் தகட்டை வைத்து, இன்னொரு கையால் மற்ற பட்டனைத் தட்டுவார்கள். தூங்கி எழுந்தவனுக்கு அது விளையாட்டு. இவனுக்கு ஒரு நொடி கண் சொருகியிருக்கிறது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கை தலையணை மாதிரி பெரிசாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டான், "முடிச்சிட்டியாலே?"

தலையாட்டினேன். வழியெல்லாம் அவனைச் சிரிக்க வைக்க ஒரு கிண்டல் தேடிக்கொண்டே வந்திருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு கம்பெனியில் விசாரணை. நஷ்டஈடும் இந்தக் கையோடு செய்யக்கூடிய வேறு ஒரு வேலையும் கிடைத்தால் அவன் பிழைத்துக்கொள்வான். மேனேஜர் மேஜைமேல் வைத்தது என் மனுவை. நானும் கூடப் போயிருந்தேன். அவர் சத்தமாகப் படித்தார். நான் பெருமையாக எழுதிய வரிகளை அவர் வாயால் கேட்டேன். எட்டு மணி நேர உறக்கம். எவ்விதச் சோர்வும் இல்லை. முழுப் பொறுப்பு.

"அவரே எழுதிக் குடுத்திருக்காரு. நல்லா தூங்கியிருக்காரு, சோர்வு இல்ல. அப்புறம் பட்டன்ல குச்சி வெச்சா கம்பெனி என்ன பண்ணும்?"

"சார், அத எழுதினது நான்."

"நீ யாரு?"

"எழுத்தாளர் சார்."

என் செருப்பைப் பார்த்தார். "அப்போ இவரு படிக்காம கையெழுத்து போட்டாரா?"

ஆமாம் என்றால் அவன் முட்டாள், இல்லை என்றால் பொய்யன். "சார், அது சும்மா அழகுக்குச் சேத்தது. அவன் மூணு மணி நேரம்கூடத் தூங்கல. எனக்காகத்தான் ஓ.டி. பாத்தான், நான் ஒரு நாவல் எழுதினு இருந்தேன்..."

"கதை சொல்லாத" என்றார். அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து ஒரு கதைகூட வரவில்லை. நண்பன் மேனேஜரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரியில் தகடு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை போயிற்று. நஷ்டஈடு என்று ஏதோ கையில் கொடுத்து, இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். அதை எழுத அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினான். கிளம்பும்போது அவனுக்குப் பையின் கயிற்றைக் கட்ட வரவில்லை, நான் கட்டிவிட்டேன். இருவரும் பேசிக்கொண்டது அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும்தான்.

நாவல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் தொங்கியது. அடுத்த மாதத்துக்கும் கேட்டார்கள்.

பத்திரிகைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: நான் இப்போது மத்தியானத்தில் எழுதுகிறேன். ஷீட்டுக்கு அடியில், மணிக்கு ஒரு பக்கம். எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை, அது இது என்று பெரிதாக நினைக்க வேண்டாம். கட்டிலும் அறையும் முழுக்க என்னுடையவை, காலையில் தொந்தரவு செய்ய ஆளில்லை. ஆனால் எப்போதாவது காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால், முதல் குரல் வருவதற்கு முன்னால் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பத்து மணி ஆனால் பேனாவை மூடிவிடுகிறேன். அவ்வளவுதான்.

இதை எழுதலாமா என்று அவன் ஊர் விலாசத்துக்குக் கார்டு போட்டேன். வழக்கமான கிண்டல் ஏதுமில்லாமல், நாலே வரி. ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. இடது கையால் எழுதியிருந்தான், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒரே வரி:

"எழுதுலே, ஆனா இந்தத் தடவ எனக்குப் பதிலா நீ பேசாத."