டொக்கு தட்டிய மாடி

சோலார் பலகை மாட்டும் அந்த ஆளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எல்லாரும் கூப்பிட்டது டொக்கு என்றுதான். எந்த மாடி ஏறினாலும் முதல் வேலையாகக் குந்தி உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் தளத்தைத் தட்டிக் காதைச் சாய்ப்பார். "டாக்டர் வந்தாச்சு, ஊசியா மாத்திரையா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அவருக்கு எப்போதும் ஊசிதான். தளத்தைத் துளைத்து போல்ட்டு இறக்கினால்தான் தூக்கம் வரும். முன்பு ஒரு வீட்டில் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைத்து நிறுத்திய பலகை, பட்டம் மாதிரி கிளம்பிப் பக்கத்துத் தெருவில் விழுந்தது. யார் தலையிலும் விழவில்லை. ஆனாலும் காற்றடித்தால் போதும், சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரை ஓர் அக்கா கூப்பிட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை.

"எப்படி வேணா மாட்டு தம்பி, தளத்துல ஓட்டை மட்டும் போடாத. சுவரெல்லாம் கொத்தனார் கட்டினது. தளம் என் வீட்டுக்காரரே நின்னு போட்டது."

"போல்ட்டு இல்லாம நிக்காதுக்கா. காத்து தூக்கிரும்."

"பாரம் வெச்சு நிறுத்து. எல்லாரும் செய்றாங்கல்ல?"

"செய்றாங்க. நான் செய்யமாட்டேன்."

"நீ ஒரு மடங்கு பிடிவாதம்னா நான் ரெண்டு மடங்கு."

சரி, தளம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று நடுவில் தட்டினார். கீழேயிருந்து 'டொக்' என்றது. கையை நிறுத்தினார். மறுபடி தட்டினார். மறுபடியும் 'டொக்'.

"கீழ யாருக்கா இருக்காங்க?"

"யாருமில்ல. எங்க படுக்கையறை. சாவி என் இடுப்புல இருக்கு." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவருதான். படுக்கையில கிடந்தப்ப கைத்தடியால தட்டித்தான் என்னைக் கூப்பிடுவாரு. இப்பவும் நான் மேல வந்து நடந்தா தட்டுறாரு. அதான் அந்த ரூம்ல தனியா படுக்க எனக்குப் பயமே இல்ல."

டொக்கு சுத்தியலைக் கீழே வைத்தார். சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிக் கதவைத் திறந்தார். கட்டில் மெத்தை மேல், அவள் தலையணை மேல், பெயர்ந்த காரை கட்டி கட்டியாகக் கிடந்தது. அண்ணாந்தால், துருவேறிய கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன.

"தினமும் கொஞ்சம் விழும். உதறிட்டுப் படுப்பேன்" என்றாள் பின்னாலேயே வந்த அக்கா.

"அக்கா, நாம தட்டத் தட்டக் காரை பேந்து விழுது. அந்தச் சத்தம்தான் இது. பாரம் வெச்சா மொத்தத் தளமும் உங்க மேல வரும். துளைச்சாலும் வரும்."

"என் புருஷனைக் காரைன்னு சொல்லத்தான் ஏணி தூக்கிட்டு வந்தியா?"

டொக்கு கட்டிலைப் பார்த்தார். இவளை விட்டுவிட்டுப் போனால் இன்று ராத்திரியும் இங்கேதான் படுப்பாள்.

"சரிக்கா, அவருன்னே வெச்சுக்குவோம். அவரு எதுக்குத் தட்டுவாரு? கூப்பிடத்தானே? வெளிய வான்னு கூப்பிடுறாரோ என்னவோ."

அவள் கம்பிகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள். "நீ அந்தப் பக்கம் பிடி."

போல்ட்டும் வேண்டாம், பாரமும் வேண்டாம் என்று முடிவானது. வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குத் தளத்தைத் தொடாமல் இரும்பு விட்டம் போட்டு, அதன்மேல் பலகைச் சட்டத்தை நிறுத்தினார். கீழே காரையையும் துருவையும் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள்.

வேலை முடிந்த அன்று அக்கா சொன்னாள்: "இப்பல்லாம் தட்டவே மாட்டேங்கிறாரு தம்பி."

"நீங்கதான் வெளிய வந்துட்டீங்களே. இனி எதுக்குக் கூப்பிடணும்?"

சமாதானமாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. காரை விழுந்தது பஞ்சு மெத்தையில். பஞ்சில் எது விழுந்தாலும் பொத்தென்றுகூடக் கேட்காதே. அன்று கேட்டது தடி மோதுகிற சத்தமல்லவா?

திரும்பிப் போய்க் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த மாடியானாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த தட்டுக்குக் கையை ஓங்கமாட்டார். காத்திருப்பார். கீழேயிருந்து பதில் வராது என்று உறுதியான பிறகுதான் துளைபோடும் மெஷினைப் பையிலிருந்து எடுப்பார்.