பஞ்சு விரிப்புக்குள் ஓர் ஊசித்துண்டு

மதுஷா கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் கார்மெண்ட் ஃபாக்டரியில் தையல் மெஷின் ஓட்டியவள். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டுப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே இருந்தாள். ஜன்னலோரம் ஒரு பழைய தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, பாடசாலைச் சீருடை, சட்டைக்குக் கை குறைப்பது என்று கிடைத்ததைத் தைத்தாள்.

ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் எல்ல என்ற ஊரில் ஒரு விடுதிக்குத் தலையணை உறை கொடுக்கப் போனபோது அங்கே ஜன்னலில் ஒரு வளையம் தொங்கியது. வளையத்துக்குள் சிலந்தி வலை மாதிரி நூல், கீழே மூன்று இறகு. அதற்கு ட்ரீம் கேச்சர் என்று பெயர், வட அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது, கெட்ட கனவு அந்த வலையில் மாட்டிக்கொள்ளும் என்பார்கள் என்று விடுதிக்காரப் பெண் சொன்னாள். மதுஷாவுக்குக் கனவைவிட அந்த நூல் போன விதந்தான் பிடித்துப்போனது. இதைத் துணியில் தைத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பண்டாரவளைக் கடையொன்றில் வெட்டுத் துண்டுகள் வாங்கினாள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மேல் துணியில் சோக்கால் வட்டம் போட்டு, வலையை நூலால் ஓட்டி, இறகுகளை வண்ணத் துணியில் வெட்டி வைத்துத் தைத்தாள். முதல் விரிப்பைப் பார்த்த கணவன் தயாபரன், தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது என்றான். அவள் இறகு என்று சொல்லித் திருத்தவில்லை.

மதுஷா போனில் போட்டிருந்த அந்த விரிப்பின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதுளையிலிருந்து நளீரா பேசினாள். அவள் ஆசிரியை. முதல் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைக்கு நாற்பதாம் நாள் வீட்டில் விருந்து, அன்றைக்குப் பிள்ளையைப் படுக்கவைக்க இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். மதுஷா இரண்டு வாரம் தைத்தாள். இடையில் தடித்த மடிப்பில் பட்டு ஊசி ஒருமுறை உடைந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, வேறு ஊசி மாட்டி வேலையை முடித்தாள். நளீராவின் கணவர் மபாஸ் பண்டாரவளைக்கு வந்து விரிப்பை வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சீருடை ஒன்றைத் தைக்கும்போது மறுபடியும் ஊசி உடைந்தது. துண்டுகளைப் போட டப்பாவைத் திறந்தவளுக்கு என்ன தோன்றியதோ, பழைய ஊசியின் துண்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். தலை இருந்தது, நுனி இருந்தது. நடுவில் ஓர் அரிசி நீளம் இல்லை.

கார்மெண்டில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேசையிலிருந்த உடுப்பு ஒன்றும் வெளியே போகாது. ஆறு வருடம் அப்படியே செய்தவள், தன் வீட்டில் ஒருநாள் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

விருந்து அன்றைக்குத்தான், பகல் சாப்பாட்டுக்கு. நளீராவுக்கு போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஏழெட்டுத் தடவை எடுத்தாள். தயாபரன் தரையைக் கூட்டிப் பார்த்தான், மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஒருவேளை என்றைக்கோ குப்பையோடு போயிருக்கும், வீணாகப் போய்ச் சொன்னால் பேர்தான் கெடும் என்றான்.

"இருந்துச்சுன்னா?" என்றாள் மதுஷா.

தயாபரன் எழுந்துபோனான். உடைந்த ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தை அவள் கையில் கொடுத்தான்.

பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு ஒரு பஸ். வழியெல்லாம் போன் எடுத்துப் பார்த்தாள். தெமோதரையில் பஸ் நின்று நின்று ஆள் ஏற்றியபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. பிள்ளை புரளும் வயதில்லை, மல்லாந்துதான் கிடக்கும், முதுகில்தான் குத்தும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதன்பிறகு வேறெதையும் நினைக்க முடியவில்லை.

பதுளை பஜாரில் மபாஸின் பாத்திரக்கடையைக் கேட்டுக் கண்டுபிடித்தாள். கடைக்கு மேலேதான் வீடு. படியெல்லாம் செருப்பு. நளீரா வாசலுக்கு வந்து சிரித்தாள்.

"வாங்க மதுஷா. இந்தச் சத்தத்துல என் போன் எங்க கிடக்குன்னே தெரியல்ல. சொல்லியிருந்தா இவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாரே."

"மிஸ், பிள்ளை எங்க? அந்த விரிப்பு எங்க?"

பிள்ளை அறையில் தொட்டிலில் தூங்குவதாகச் சொன்னாள் நளீரா. பிறகு அவள் காட்டிய பக்கம் மதுஷா திரும்பிப் பார்த்தாள். ஹாலின் பெரிய சுவரில், திரைச்சீலைக் கம்பியொன்றில், விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று இரண்டு பெண்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு அழகான சாமானை மூத்திரம் போற பிள்ளைக்குக் கீழ விரிக்க எங்களுக்கு மனசு வரல்ல. வந்த அன்னைக்கே மாட்டிட்டோம்."

மதுஷா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

மபாஸ் விரிப்பைக் கழற்றி மேசையில் போட்டார். மதுஷா காந்தத்தை அதன்மேல் மெல்ல மெல்ல நகர்த்தினாள். வட்டத்தில் ஒன்றுமில்லை. இறகு ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை. மூன்றாவது இறகின் அடிப்பக்கம், தடித்த மடிப்பில், துணி காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. நாலு தையலைப் பிரித்துத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நளீரா அறைக்குள் போய்த் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்க வராம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் மபாஸ்.

"எனக்குத் தெரியுமேங்க."

ஊசி நூல் கேட்டு வாங்கி, பிரித்த இடத்தை அங்கேயே கையால் தைத்துக் கொடுத்தாள். விரிப்பு மறுபடி சுவருக்குப் போனது. நளீரா அவளைச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள். போட்டோ எடுத்த பெண்களில் ஒருத்தி, முஷ்ரிபா, தன் வீட்டுச் சுவருக்கும் ஒன்று வேண்டும் என்று அளவு சொன்னாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது மதுஷா தைப்பதில் பாதிக்கு மேல் சுவரில் மாட்டுகிறவைதான். கம்பி நுழைய மேலே பட்டி வைத்தே தைக்கிறாள். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் கூட வேலை செய்கிறார்கள். ஊசி உடைந்தால் ஒரு துண்டு விடாமல் கொப்பித் தாளில் ஒட்டச் சொல்கிறாள் என்று அவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு.

அன்றைக்குப் பதுளையிலிருந்து திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கிருந்தே தயாபரனுக்கு போன் பண்ணி, கிடைத்துவிட்டது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஊரான ஹாலிஎல தாண்டியதுகூட அவளுக்குத் தெரியாது. பண்டாரவளையில் எல்லாரும் இறங்கிய பிறகு, கண்டக்டர்தான் வந்து தட்டி எழுப்பினார்.