மிஞ்சிய ஒரு சுவர்

2011இல் பிரெஞ்சுத் தலைநகரில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதித் தேநீர்க்கடையொன்றில் திங்கள்தோறும் அவரைச் சந்திப்பேன். வன்னிக்காரர், இத்தாலிய உணவகமொன்றில் சமையல்காரர். முன்பு சில வருடங்கள் இத்தாலியில் இருந்தவர். மெலிந்த உடல், புறங்கைகளில் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். கையில் எப்போதும் ஓர் இத்தாலியக் கவிதைப் புத்தகம்; மாப் பையின் காகிதத்தில் அதற்கு உறை போட்டிருந்தார்.

ஆங்கிலக் கவிஞர்கள் இத்தாலிய மொழியைப் படித்து, ரோமாபுரி இடிபாடுகளைத் தேடிப் போய்ப் பாடியது பற்றி நான் கட்டுரை எழுதுவதாகச் சொன்னேன்.

"இடிஞ்சு எவ்வளவு காலத்துக்குப் பிறகு பாக்கப் போனவை, அண்ணை?"

"ஆயிரம் வருசத்துக்கு மேலை."

"அப்ப பாடலாம்தான்," என்று சிரித்தார். "எங்கடை வீடு சண்டையிலை இடிஞ்சு ரண்டு வருசம். ஒரு சுவர் மட்டும் நிக்குது, அப்பா கட்டினது. அதையும் இடிச்சால்தான் புது வீடு கட்டலாமெண்டு தங்கச்சி நிக்கிறாள். நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

அடுத்த திங்கள் நானே விசாரித்தேன்.

"ஓமெண்டிட்டன். அவளின்ரை பிள்ளையள் தறப்பாள் கொட்டிலுக்குள்ளை கிடக்குதுகள். ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னன்."

அச்செடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். சுவர் முழுக்கப் பாகற்கொடி, மஞ்சள் பூக்கள். பிறகு புத்தகத்தைப் புரட்டி, அதை ஒரு பக்கத்தில் கவனமாக வைத்து மூடினார். அங்கே எந்தக் கவிதை இருந்ததென்று நான் கேட்கவில்லை. என் குறிப்பேட்டில் அதன் பெயருக்கென விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.