பன்றிக்கு ஆகும், குதிரைக்கு ஆகாது

கொன்ராட் ஓப்பர்மான் யார் பேச்சையும் கேட்கிற ஆள் இல்லை. மனைவி அல்வினா சொன்னால் மட்டும் தலையாட்டுவான். ஆட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வான்.

சோல்லிங் மலைக்காட்டில் வெட்டிப் போட்ட மரங்களைக் குதிரை கட்டிச் சாலைக்கு இழுத்து வருவது அவன் பிழைப்பு. முன்பு இரண்டு குதிரை வைத்திருந்தான். ஒன்றைப் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போனது, அது திரும்பவில்லை. மிச்சம் லோட்டே என்ற பெட்டைக் குதிரை. அவள் இழுத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

போர் முடிந்த மறு வருஷம், 1946 இலையுதிர் காலத்தில், பீச் என்ற காட்டு மரங்கள் கொட்டைகளைக் கொட்டு கொட்டென்று கொட்டின. எண்ணெய்க்கு ஊரே தவித்துக் கிடந்த நேரம். பாதிரியார் முதற்கொண்டு மண்டிபோட்டு அந்த முக்கோணக் கொட்டையைப் பொறுக்கினார்கள். கொன்ராட் பொறுக்கிக்கொண்டே பச்சையாக வாயில் போட்டான். சாயங்காலம் தலைவலி, குமட்டல்.

"வறுத்துத் தர்றேன், பச்சையா அள்ளித் திங்காதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் அல்வினா.

"மரத்துல காய்க்கிறது என்ன பண்ணும்?"

"அதை வாளிகிட்ட குனிஞ்சு கேளு. நல்லா சொல்லும்."

கொட்டை மூட்டையை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோனான். கொட்டை கொண்டுவந்தவனுக்கே எண்ணெயும் பிண்ணாக்கும் என்பது அங்கே வழக்கம். ஆலைக்காரர் பிராண்டஸ் இரண்டையும் எடுத்து வைத்தார்.

"எண்ணெய தாராளமா ஊத்திக்கலாம். கெடுதல் எல்லாம் பிண்ணாக்குல தங்கிடும். பன்னிக்குப் போடு. குதிரைப் பக்கம் கொண்டுபோகாதே."

"பன்னி திங்கிறத என் லோட்டே திங்கக்கூடாதா? பன்னியவிட மட்டமாய்யா அவ?"

"மட்டம்னு யாரு சொன்னா? குதிரை உடம்புக்கு அது விஷம்யா."

அவன் வீட்டில் பன்றி கிடையாது. பிண்ணாக்கைப் பக்கத்து வீட்டு நோல்ட்டே அம்மாளின் பன்றிக்குக் கொடுத்து, அறுக்கும்போது கொழுப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அல்வினா. கொன்ராட் தலையாட்டினான்.

ஆனால் குதிரைக்கு வைத்திருந்த ஓட்ஸ் தானியம் முழுவதையும் அதிகாரிகள் அளந்து கொண்டுபோயிருந்தார்கள். லோட்டேயின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. காட்டுக்குப் போகும்போது கோட்டுப் பையில் ஒரு துண்டு பிண்ணாக்கு போட்டுக்கொண்டான். அவள் ஆசையாகத் தின்றாள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாம் நாளும் ஆகவில்லை. பிராண்டஸ் சொன்னது வெறும் வாய்ச்சவடால் என்று முடிவுகட்டி, மூன்றாம் நாள் இரண்டு பையையும் நிரப்பினான்.

நாலாம் நாள் காலை லாயத்தில் லோட்டே வியர்த்து நின்றாள். தொடைச் சதை துடித்தது. வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் வீகான்ட் சைக்கிளில் வந்தார்.

"என்ன தீனி போட்டீங்க?"

"வைக்கோலும் கிழங்கும்தான் டாக்டர்," என்றாள் அல்வினா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கொன்ராட் கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அப்போ வயித்துவலியாத்தான் இருக்கும். முற்றத்துல நடக்க விடுங்க. படுக்க விடாதீங்க."

கொன்ராட் கயிற்றைப் பிடித்து நடத்தினான். இரண்டாவது சுற்றில் பின்னங்கால் பின்னியது. எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கே லோட்டே உடம்பெல்லாம் வெட்டி இழுத்து முழங்காலில் விழுந்தாள்.

"எழுப்புய்யா! இன்னும் ஒரு சுத்து!" என்று கத்தினார் வீகான்ட்.

கொன்ராட் கயிற்றை விட்டான். கோட்டுப் பையில் கைவிட்டு, மிச்சமிருந்த பிண்ணாக்குத் துண்டை எடுத்து மருத்துவரின் உள்ளங்கையில் வைத்தான்.

"மூணு நாளா குடுத்தேன். நேத்து ரெண்டு பை."

வீகான்ட் அதை முகர்ந்தார். "அட முட்டாளே! இத மறைச்சு வச்சுக்கிட்டா நடக்க விட்ட? இன்னும் நாலு சுத்து போயிருந்தா செத்திருக்கும். உள்ள கொண்டுபோ. ஜன்னல மூடு. இந்த விஷம் ஏறினா அசைவும் சத்தமும் இழுப்பைக் கிளப்பும், யாரும் சத்தம் போடக்கூடாது."

கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக வயிற்றில் இறக்கினார். நடுக்கத்துக்கு ஊசி போட்டார். அல்வினா ஜன்னல் இடுக்கில் சாக்கை அடைத்தாள். இருட்டு லாயத்தில் இரண்டு நாள் அவன் லோட்டேயின் பக்கத்திலேயே கிடந்தான். மூன்றாம் நாள் அவள் ஒரு வாய் வைக்கோல் கடித்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் சேணம் ஏறியது. அதுவரை கொன்ராட் அடுத்தவன் குதிரைக்கு மரம் கட்டிவிட்டுக் கூலி வாங்கினான்.

பீச் மரம் எல்லா வருஷமும் காய்க்காது. காய்க்கிற வருஷம் கொன்ராட் ஆலை வாசலில் வந்து நிற்பான். பிண்ணாக்கு மூட்டையோடு எவன் வெளியே வந்தாலும் மறிப்பான்.

"வீட்டுல குதிரை இருக்கா?"

"இருக்கு. உனக்கென்ன?"

"அப்போ மூட்டைய இங்க இறக்கு. பன்னி வச்சிருக்கிறவன் எவன்னு நான் காட்டுறேன்."