எல்லாக் கைகளும் உயர்ந்த வகுப்பு

நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாறுதலாகிப் போன முதல் வாரம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் கேள்வி எதைக் கேட்டாலும் வகுப்பு முழுவதும் கை தூக்கியது. இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் கை தூக்கியிருந்த ஒரு பெண்ணை எழுப்பும்வரைதான் அந்த நினைப்பு. அவள் வாயே திறக்கவில்லை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. "அவ இடது கை சார்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். விசாரித்த பிறகு விளங்கியது. அதிகாரிகள் பார்வையிட வரும்போது பதில் தெரிந்தவர்கள் வலது கையையும் தெரியாதவர்கள் இடது கையையும் தூக்க வேண்டும். ஆசிரியர் வலது கைகளை மட்டும் எழுப்புவார். பார்க்கிறவருக்கு எல்லாரும் கெட்டிக்காரர்கள். யாருக்கு எந்தக் கை என்பது மதிப்பெண்ணைப் பார்த்து முன்பே முடிவாகிவிடும். பழகிப்போய், அதிகாரி வராத நாளிலும் அப்படியே தூக்கினார்கள்.

ஏற்பாடு, எனக்கு முன் அந்த வகுப்பை எடுத்த சக ஆசிரியருடையது. மதியச் சாப்பாட்டின்போது அவரிடமே கேட்டேன்.

"அந்தப் பிள்ளைய எதுக்குவே எழுப்புதீரு? போன வருஷம் ஆபீசர் முன்னால தப்பாச் சொல்லி அழுதுட்டு. பெறவு பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன்னுட்டு. இடது கையின்னா நிம்மதியா இருக்கும்லா."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். இரக்கப்பட்டே ஒரு பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டார். இப்படியே விட்டால் பத்தாம் வகுப்பையும் அவள் பேசாமலே முடித்துவிடுவாள்.

கை தூக்குவதையே நிறுத்தினேன். கேள்வி கேட்டதும் பதிலை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் வகுப்புக்கு. சில வாரங்கள் கழித்து அவள் உதடு அசைவதைப் பார்த்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஓர் அலுவலர் வந்தார். "இரும்பு ஆணி மூழ்குது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்குது?" என்று அவரே கேட்டு, கைபேசியில் எதையோ பதிந்துகொண்டே கடைசி பெஞ்சைக் காட்டினார். அந்தப் பெண் எழுந்தாள்.

"கப்பலுக்குள்ள காத்து இருக்கு சார். காத்துதான் தூக்கிப் பிடிக்குது."

"வெரி குட்" என்றார் அலுவலர். வகுப்பு கை தட்டியது. வராந்தாவில் நின்ற சக ஆசிரியரும் தட்டினார். நானும் தட்டினேன். பதில் அரைகுறைதான், காற்று கப்பலை லேசாக்குகிறது, தூக்கிப் பிடிப்பது தண்ணீர் என்று தெரியும். அதை அந்த நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் இடைவேளையில் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐஸ் கட்டிக்குள்ள காத்து இல்லைல்லா சார், அது ஏன் மிதக்குது? நேத்து நான் சொன்னது தப்புதான? பெறவு எதுக்கு எல்லாரும் கை தட்டுனீங்க?"

அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். "பாதி தப்பும்மா."

"எந்தப் பாதி சார்?" என்றாள், சற்றுக் கோபமாகவே.